பிராசஸர் மாற்றப் போகிறாயா, தம்பி?

தம்பி, நாகப்பட்டினத்தில் சிறிதாக ஒரு கடை பிடித்து, செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டரை வைத்துத் தொழிலைத் தொடங்கிவிட்டாய். பகலில் பட்டா, சிட்டா, பயிர்க் காப்பீட்டுப் பதிவு. மாலையில் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஃப்ளெக்ஸ் டிசைன். முகூர்த்த மாதங்களில் வீடியோ எடிட்டிங். மெஷின் திணறும்போதெல்லாம் பிராசஸரை மாற்றிவிட்டால் என்ன என்று உனக்குத் தோன்றுகிறது. தோன்றட்டும், தவறில்லை. இதே கேள்வியோடு வந்த எத்தனையோ பேரை இந்த ஊரில் பார்த்துவிட்டேன். அந்தச் செலவு யாருக்குக் கைகொடுத்தது, யாருக்கு வீணானது என்று பார்த்துப் பார்த்துத் தெளிந்ததை உனக்கு எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

1. வேலை எங்கே நிற்கிறது என்று முதலில் பார்.

நாம் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதியே மதகைத் திறந்தாலும், நடுவில் ஒரு வாய்க்கால் தூர்வாராமல் கிடந்தால் நம் வயலுக்குத் தண்ணீர் வந்து சேராது. மேலே இன்னும் கூடுதலாகத் திறந்துவிட்டும் பயன் இருக்காது. கம்ப்யூட்டரும் அப்படித்தான். அடைப்பு எந்த இடத்தில் என்று பார்க்காமல் செலவு செய்யாதே. மெஷின் திணறும் அந்த நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியூ, மெமரி, டிஸ்க் மூன்றில் எது 100 சதவீதத்தைத் தொட்டு நிற்கிறது? ஒருநாள் பார்த்தால் போதாது. ஒரு வாரம் பார்த்து நோட்டில் குறித்து வை. அந்த வாரம் உனக்கு ஒரு காசும் செலவில்லை. ஆனால் அந்த ஒரு வாரம் பொறுக்க முடியாமல்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

2. அடுத்தவர் வாசலில் நிற்கும் நேரத்தை உன் மெஷின்மேல் ஏற்றாதே.

சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 15ஐ ஒட்டி வரும். அந்த வாரத்தில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் கையில் பிடித்தபடி விவசாயிகள் உன் கடை வாசலில் நிற்பார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஊர் ஊராக எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே சர்வரைத் தட்டினால் அது திணறத்தான் செய்யும். அந்தச் சுற்றலைப் பார்த்து வெட்கப்பட்டு பிராசஸர் மாற்றிய பையன் ஒருவனை எனக்குத் தெரியும். அடுத்த நவம்பரிலும் அதே வட்டம் சுற்றியது. அவன் பக்கத்துக் கடைக்காரன் அதே அளவு பணத்தில் இரண்டாவது நெட் இணைப்பு ஒன்று எடுத்தான். அக்டோபர் மாதமே தனக்குத் தெரிந்த விவசாயிகளுக்குப் போன் போட்டு, "கூட்டத்துக்கு முன்னால் வந்துவிடுங்கள் ஐயா" என்று அழைத்தான். கூட்டம் அவனிடம்தான் போனது.

3. டிஸ்க்கையும் ரேமையும் பார்த்துவிட்டுப் பிறகு பிராசஸரிடம் வா.

நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றை முடிக்க 8 மில்லி விநாடிக்குமேல் எடுக்கும். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடித் தேடி எடுப்பதற்குள் எந்த பிராசஸரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டே கிடையாது; அதே தேடலை நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடித்துவிடும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியதே, அந்த மடிக்கணினிகளைப் பிள்ளைகள் ஆண்டுகள் கழித்து "அண்ணே, இது செத்துப்போச்சு" என்று தூக்கி வருவார்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டி, கூடுதலாக ஒரு ரேம் போட்டுக் கொடுத்தால் முகம் மலர்ந்து போவார்கள். உள்ளே இருக்கும் பிராசஸர் அதேதான். பழையதைச் செத்ததென்று சொல்ல அவசரப்படாதே. கிழடு தட்டினாலும் உழைக்கிறவை நிறைய உண்டு.

4. துடைத்துப் பார்க்காமல் தூக்கிப் போடாதே.

நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. கடற்கரைக்குப் பக்கத்துக் கடைகளில் ரேமின் தங்க நிறப் பற்கள் மங்கிவிடும், ஹீட் சிங்க் பூத்துப்போகும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி வேறு ஃபேனில் அடைந்துகொள்ளும். சூடு தாங்காவிட்டால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாங்கிய நாளில் ஓடிய மெஷின் இன்று ஓடவில்லை என்றால், அதற்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் கேபினெட்டைத் திற. ஃபேனைச் சுத்தம் செய். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை வழித்துப் புதிதாகத் தடவு. ரேம் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டு. இதையெல்லாம் நீயே செய்து பழகு. தன் கருவியைத் தன் கையால் துடைக்கிறவனுக்கு அதன் குறையும் தெரியும், பலமும் தெரியும்.

5. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

ஒரு கல்யாண வீடியோவை முடிக்க உனக்கு 10 மணி நேரம் ஆகிறது என்று வை. அதில் 8 மணி நேரம் நீ உட்கார்ந்து காட்சி பார்க்கிறாய், வெட்டுகிறாய், பாட்டுச் சேர்க்கிறாய். மிச்சம் 2 மணி நேரம்தான் ரெண்டர். இருமடங்கு வேகமான பிராசஸர் வாங்கினால் அந்த 2 மணி 1 மணியாகும். மொத்தம் 10 என்பது 9 ஆகும், அவ்வளவே. உலகத்திலேயே வேகமானதை வாங்கினாலும் 8 மணிக்குக் கீழே போகவே முடியாது. ஜீன் ஆம்டால் என்ற கம்ப்யூட்டர் வல்லுநர் 1967இல் எடுத்துச் சொன்ன கணக்கு இது. அவர் பெயராலேயே ஆம்டால் விதி என்று பொறியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். "இருமடங்கு வேகம்" என்று அட்டைப் பெட்டி சொல்லும். உன் வேலையில் எத்தனை பங்குக்கு அந்த வேகம் பொருந்தும் என்பதை நீதான் கணக்குப் போட வேண்டும்.

6. யாருடைய நேரம் மிச்சமாகிறது என்று கேள்.

ராத்திரி ரெண்டரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறாய். காலையில் வந்து எடுக்கிறாய். அது இரண்டு மணிக்கு முடிந்தால் என்ன, நாலு மணிக்கு முடிந்தால் என்ன? நீ தூங்கும் நேரத்துக்கு வேகம் வாங்க வேண்டியதில்லை. வேளாங்கண்ணித் திருவிழாவை எடுத்துக்கொள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வெளியூர்க் கூட்டம் வந்தபடி இருக்கும். படம் எடுத்துக்கொண்ட குடும்பம் பஸ் ஏறுவதற்கு முன் ஆல்பம் கேட்கும். அங்கே பத்து நிமிடத் தாமதம் ஒரு வாடிக்கையாளரை இழக்கச் செய்யும். அப்படி ஆள் எதிரில் நின்று காத்திருக்கும் வேலை உன்னிடம் இருந்தால், பிராசஸர் செலவு தன் காசைத் தானே ஈட்டிவிடும்.

7. எண்ணுக்கும் பெயருக்கும் மயங்காதே.

2004இல் பென்டியம் 4 பிராசஸர் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறியது. எண் பெரியதானால் வேகமும் பெரிது என்று ஊரே நம்பிய காலம் அது. 2006இல் கோர் 2 டுவோ வந்தது. அதன் சிறிய மாடலுக்கு 1.86 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனாலும் பெரும்பாலான வேலைகளில் பழைய ஜாம்பவானை முந்தியது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதுதான் கணக்கு. இன்றைக்குப் பெயரிலும் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யு என்று 2022இல் வந்த லேப்டாப் பிராசஸருக்குள் இருப்பது 2019ஆம் ஆண்டின் ஜென் 2 வடிவமைப்பு. கோர் எண்ணிக்கையும் அப்படியே. உன் கடையில் பாதி நாள் ஓடுவது 2001இல் வெளியான பேஜ்மேக்கர் 7. எட்டுக் கோர் கொடுத்தாலும் அது ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு உழைக்கும். அதனால்தான் நான்கு கோர் மெஷினில் சிபியூ 25 சதவீதம் என்று காட்டினாலும் வேலை நகராமல் நிற்கும். ஒரு கோர் முழுதாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவனுக்கு வேண்டியது கூடுதல் கோர் கிடையாது, ஒவ்வொரு கோரும் வேகமாக இருப்பதுதான்.

8. வாங்குவதற்கு முன் கற்றுக்கொள்.

4கே வீடியோவை அப்படியே டைம்லைனில் போட்டு இழுத்தால் எந்த மெஷினும் திணறும். ப்ராக்ஸி என்று சின்ன அளவு நகல் எடுத்து அதில் எடிட் செய்து, கடைசியில் மட்டும் அசலுக்கு மாற்றத் தெரிந்தவன் பழைய மெஷினிலேயே நிம்மதியாக வேலை பார்க்கிறான். இன்டெல் பிராசஸர் பலவற்றில் 2011 முதலே வீடியோவைச் சுருக்கித் தரும் தனிப் பகுதி உண்டு. சாஃப்ட்வேரில் ஹார்ட்வேர் என்கோடிங் என்ற இடத்தில் ஒரு டிக் போடாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். உன்னிடம் இருப்பதை முழுதாகப் பயன்படுத்தி முடித்த பிறகு புதியதைக் கேள். அறியாமையை மறைக்க வாங்கிய பொருள், கொஞ்ச நாளில் அறியாமையையும் காட்டிக்கொடுக்கும், கடனையும் சேர்த்துவிடும்.

9. ஒன்றை மாற்றினால் எதெது கூட வரும் என்று முழுப் பட்டியல் எழுது.

பிராசஸர் தனியாக வராது. இன்டெல்லில் 2, 3ஆம் தலைமுறைக்கு 1155 சாக்கெட், 4ஆம் தலைமுறைக்கு 1150, 6 முதல் 9 வரை 1151. அந்த 1151இலேயே 8, 9ஆம் தலைமுறைக்குப் பழைய போர்டு ஒத்துவராது. 12 முதல் 14 வரை 1700. போர்டு மாறினால் பெரும்பாலும் ரேமும் மாறும், சில சமயம் பவர் சப்ளையும் மாறும். எட்டாயிரத்தில் முடியும் என்று தொடங்கியவன் முப்பதாயிரத்தில் வந்து நிற்பது இப்படித்தான். ஏஎம்டியின் ஏஎம்4 போர்டு உன்னிடம் இருந்தால் உனக்கு யோகம். 2017இல் வாங்கிய போர்டுகளில் பலவும் பயாஸ் அப்டேட் செய்தால் 2022இல் வந்த பிராசஸர்வரை ஏற்கும். 1155 போர்டில் ஐ3 வைத்திருந்தாலும், செகண்ட் ஹேண்டில் ஒரு ஐ5 மாட்டி இன்னும் சில ஆண்டு ஓட்டலாம். லேப்டாப் என்றால் அந்த ஆசையை விடு. இன்டெல்லில் 4ஆம் தலைமுறையோடு கழற்றி மாட்டும் வகை நின்றுபோனது. அதன் பிறகு வந்தவற்றில் பிராசஸரைப் போர்டோடு பற்றவைத்தே தருகிறார்கள்.

10. வேகத்துக்கு முன் காவலுக்குச் செலவு செய்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நம் கரையைக் கடந்தது. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வந்த கரண்டும் ஏறி இறங்கியது. நல்ல யுபிஎஸ் இருந்த கடைகளும், எடுத்த படங்களை இரண்டாவது டிஸ்க்கில் பத்திரப்படுத்தியிருந்த ஸ்டுடியோக்களும் மெல்ல எழுந்துவிட்டன. ஒரு பெண்ணின் தாலி கட்டும் காட்சியைத் தொலைத்துவிட்டு, "என் மெஷின் வேகமானது அம்மா" என்று சொல்லி என்ன பயன்? இன்னொரு காவலும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற, இன்டெல்லில் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் டிபிஎம் 2.0வும் வேண்டும். ஆதாரும் வங்கிக் கணக்கும் கையாளும் கடை உன்னுடையது. அப்டேட் வராத மெஷினில் அந்த வேலையைத் தொடராதே. டிசைனுக்கு மட்டும் அந்தப் பழைய மெஷினை நெட் இல்லாமல் வைத்துக்கொள். ஜனங்களின் தாள்கள் போகும் மெஷினை மாற்று. வேகக் கணக்கே பார்க்காமல் செய்யத் தகுந்த செலவு இது ஒன்றுதான்.

11. பதறாத காரியம் சிதறாது.

புதியது வந்த வாரமே ஓடாதே. 1993இல் பென்டியம் வந்தது. அடுத்த ஆண்டே, சில வகுத்தல் கணக்குகளில் அது தவறான விடை தருகிறது என்று தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தார். பிராசஸரை மாற்றித் தர ஒப்புக்கொண்ட இன்டெல்லுக்கு 47.5 கோடி டாலர் செலவானது. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் சில, மின்னழுத்தக் கோளாறால் நிலைகுலைந்ததை 2024இல் அதே நிறுவனம் ஒப்புக்கொண்டு, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. பெரிய நிறுவனத்துக்கே இப்படி நேரும்போது நீ சில மாதம் பொறுப்பதில் இழப்பில்லை. பில் இல்லாமல் வாங்காதே. ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம் என்று பார்த்தால் வாரண்டி கேட்க வாய் இருக்காது. மாற்றுவதென்றால் ஆடியில் மாற்று. முகூர்த்தம் இல்லாத மாதம், கையில் வேலை குறைவு. புது மெஷினோடு பழகி, குறை இருந்தால் சரிசெய்து, ஆவணி முகூர்த்தத்துக்கும் வேளாங்கண்ணிக் கூட்டத்துக்கும் தயாராகிவிடலாம்.

12. மாதக் கணக்கில் பார். வீட்டு நகையைத் தொடாதே.

போர்டு, பிராசஸர், ரேம் எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் என்று வை. நான்கு ஆண்டு உழைத்தால் மாதம் 500 ரூபாய். அந்த மெஷினால் மாதம் ஒரு வேலை கூடுதலாக முடித்துக் கொடுக்க முடியுமா? முடியும் என்று உன் நோட்டு சொன்னால் வாங்கு. "பின்னால் உதவும்" என்று மட்டும் வாங்காதே. வருமான வரிச் சட்டமே கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் தருகிறது. 24,000 ரூபாய் பொருள் ஓராண்டில் கணக்கில் 14,400 ஆகும், ஈராண்டில் 8,640 ஆகும். நாளைக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் நாளைக்கு மலிவாகக் கிடைக்கும். அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கிய பிராசஸர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் வட்டி அதற்கு முன்னால் ஓடும். தை அறுவடை முடிந்து ஊரில் காசு புழங்கும்போது பழைய பாக்கிகளைக் கேட்டு வாங்கு. அந்தப் பணத்தில் செய்.

13. தேவை என்று தெளிந்தபின் தயங்காதே.

சிக்கனம் நல்லது. ஆனால் அதற்கும் ஒரு கரை உண்டு. டிஸ்க்கை மாற்றிவிட்டாய், ரேம் போதுமானது, ஃபேன் சுத்தம், சாஃப்ட்வேர் அமைப்பும் சரி. அப்படியும் உன் நோட்டில் நாள்தோறும் சிபியூ 100 சதவீதம் என்றே இருக்கிறது, எதிரில் ஆட்கள் காத்து நிற்கிறார்கள். அதன் பிறகும் பழையதையே இழுத்துக்கொண்டு ராத்திரி கண்விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கருவியை மிச்சம் பிடித்து ஆயுளைச் செலவழித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். உன் கண்ணும் முதுகும் செகண்ட் ஹேண்டில் கிடைக்காது. நிமிர்ந்து போய் வாங்கு. வாங்கியபின் அதைவிடப் பெரியது வந்துவிட்டதே என்று வருந்தாதே. அது எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும். பக்கத்துக் கடைக்காரன் வாங்கினான் என்பதற்காக அடுத்ததற்குத் தாவாதே. அவன் வேலை வேறு, உன் வேலை வேறு.

14. உன்னிடம் கேட்டு வருகிறவனுக்கும் இதையே சொல்.

கொஞ்ச நாளில் ஊர்க்காரர்கள் உன்னிடம் வந்து, "தம்பி, இதை மாற்றலாமா?" என்று கேட்பார்கள். திட்டச்சேரியிலிருந்து ஒரு தகப்பனார் மகளின் கல்லூரி மெஷினைத் தூக்கி வருவார். "புது பிராசஸர் போட்டுவிடலாம் ஐயா" என்று நீ சொன்னால் நம்பிப் பணத்தை எண்ணி வைப்பார். அந்த இடத்தில்தான் நீ யார் என்று தெரியும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து அவர் கண் எதிரில் காட்டு. புரியும்படி சொல். எஸ்எஸ்டி போதும் என்றால் எஸ்எஸ்டி போதும் என்று சொல். வெறும் தூசிதான் என்றால் துடைத்துக் கொடுத்துக் கூலியை மட்டும் வாங்கு. அன்றைக்கு லாபம் குறையும். ஆனால் அந்தக் குடும்பம் அடுத்து எதை வாங்குவதானாலும் உன்னைக் கேட்காமல் வாங்காது. நமக்குப் பின்னால் ஊர் பேசுவது நம் சொல் நம்பத் தகுந்ததா என்பதைத்தான்; நாம் வைத்திருந்த பிராசஸரை எவரும் நினைவில் வைக்கப் போவதில்லை. நாளை காலை கடையைத் திறந்ததும் அந்த நோட்டைத் தொடங்கு. ஒரு வாரம் கழித்து அதை எடுத்துக்கொண்டு வா, இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.